பதினொரு பக்கக் குறைகள்

அந்த வீட்டை வாங்கவே கூடாது என்று முடிவு செய்தேன். சாதாரண முடிவில்லை. குளியல் தொட்டியில் கழுத்தளவு வெந்நீரில் படுத்துக்கொண்டு, கதவைத் தாழிட்டு, யார் காதிலும் விழாமல் எடுத்த முடிவு. கல்யாணமான இந்த முப்பத்தொரு வருஷத்தில் என்னுடைய வீரமான முடிவுகளையெல்லாம் அங்கேதான் எடுத்திருக்கிறேன். தண்ணீர் வடியும்போது அவையும் சேர்ந்து வடிந்துவிடும்.

இந்தத் தடவை வடியவில்லை.

நெதர் விட்டன் கிராமத்தில் இரண்டு வருஷமாக வாடகைக்கு இருக்கிறோம். நாற்பது வீடு, ஒரு சர்ச், ஒரு பப், ஒரு தபால் ஆபீஸ், கணக்கில்லாத மாடுகள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், "ஆறு மாசம் இருந்து பாப்போமே, நார்மன்" என்று மேவிஸ் என்னைக் கோவென்ட்ரி நகரத்திலிருந்து கிளப்பிக்கொண்டு வந்தாள். அந்த ஆறு மாசம் இன்னும் முடியவில்லை. அதற்குள் அவளுக்கு சர்ச் பாட்டுக்குழுவில் இடம் கிடைத்தது, ஏழு கோழி கிடைத்தது, ஜாம் போட்டியில் இரண்டாம் பரிசு கிடைத்தது. எனக்கு ஜலதோஷம் கிடைத்தது.

விடிவதற்குள் சேவல். விடிந்ததும் டிராக்டர். பல் தேய்க்கும்போது ஜன்னலில் ஒரு மாட்டு முகம். நலம் விசாரிக்கிற முகமில்லை. 'நீ இன்னும் ஊருக்குப் போகலையா?' என்று கேட்கிற முகம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சர்ச்சில் மணியடித்துப் பழகுவார்கள். எட்டு மணிகள், எட்டுப் பேர், எட்டு விதமான தப்பு. வயலுக்குச் சாணிக்குழம்பு தெளிக்கிற வாரத்தில் டீயும் அதே வாசனை, நானும் அதே வாசனை. தெருவிளக்கு வேண்டுமென்றால் பௌர்ணமி வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும்.

இந்த நிலைமையில்தான் வீட்டுச் சொந்தக்காரர் ஜெத்ரோ ஹாக்கின்ஸ், சேற்றுப் பூட்ஸோடு எங்கள் சமையலறையில் வந்து நின்றார். ஊரில் பாதி வயல் அவருடையது. நான் மிதிக்கிற சேறு முழுவதும் அவருடையது.

"வீட்டை வித்துடலாம்னு இருக்கேன். குடியிருக்கிறவங்க நீங்க, அதனால முதல்ல உங்ககிட்ட கேக்கறேன். நாப்பதாயிரம் பவுண்டு."

"வாங்கிக்கறோம்," என்றாள் மேவிஸ்.

நான் வாயிலிருந்த பிஸ்கட்டைக்கூட விழுங்கவில்லை.

"மேவிஸ், கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிச்சாச்சு."

"எப்ப?"

"ரெண்டு வருஷமா."

வேண்டாம் என்று அவளிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். உங்களுக்கு மேவிஸைத் தெரியாது. அவளிடம் இதுவரை இரண்டே தடவை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஒன்று நாய். இரண்டாவது, இரண்டாவது நாய்.

ஆகவே தந்திரம்தான் வழி. நாற்பதாயிரத்துக்குப் பேங்க் கடன் இல்லாமல் முடியாது. கடன் கொடுக்குமுன் வீட்டைச் சோதிக்க ஒரு சர்வேயரை அனுப்புவார்கள். அவர் மோசம் என்று எழுதிவிட்டால் கடன் கிடையாது. கடன் இல்லையேல் வீடு இல்லை. என் மேல் பழியும் இல்லை.

குறை கண்டுபிடிப்பதில் நான் லேசுப்பட்டவன் இல்லை. இருபத்தெட்டு வருஷம் டிரைவிங் லைசென்ஸுக்குத் தேர்வு வைத்தவன். ஒரு பாதிரியாரையே நாலு தடவை ஃபெயிலாக்கியிருக்கிறேன். ஒரு வீட்டை ஃபெயிலாக்க மாட்டேனா?

சர்வேயர் யெலண்ட் வந்த அன்றைக்கு மேவிஸ் பாட்டுக்குழுவுக்குப் போயிருந்தாள். யெலண்ட் ஒல்லியான, அப்பாவியான மனிதர். கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல வீடு," என்றார்.

"அவசரப்படாதீங்க. இந்த அலமாரியை நகர்த்த ஒரு கை கொடுங்க."

நகர்த்தினோம். பின்னால் சுவர் முழுக்க ஈரம். அந்தச் சுவரில் இருந்த ஈரம் அன்றைக்கு என் நெஞ்சில் இல்லை.

"மேலே பாருங்க. அந்த உத்தரத்தை உங்க பேனாவால தட்டுங்க."

தட்டினார். அவர் கோட்டின் மேல் மாவாக உதிர்ந்தது.

"வண்டு," என்றேன் பெருமையாக. "நாங்க வர்றதுக்கு முன்னாடியே குடியிருக்கு. சமையலறைத் தரை சாயுது, ஒரு ஆப்பிளை வெச்சுக் காட்டட்டுமா? கூரையில பதினேழு ஓடு உடைசல். நானே ஏணி போட்டு எண்ணினேன்."

யெலண்ட் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இந்த வீட்டை வாங்கப்போறது நீங்கதானே?"

"ஆமா."

"இல்ல, வாங்கறவங்க யாரும் இவ்வளவு சந்தோஷமா ஓட்டையைக் காட்டி நான் பாத்ததில்லை. அதான் கேட்டேன்."

பதினொரு பக்கம் எழுதி அனுப்பினார். படித்துப் பார்த்தேன். எனக்கே அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கப் பயமாக இருந்தது. முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு மேவிஸிடம் நீட்டினேன்.

"நம்ம அதிர்ஷ்டம் இவ்வளவுதான், மேவிஸ். மனசைத் தேத்திக்கோ."

டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டே பதினொரு பக்கமும் படித்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "ரொம்ப நல்லா எழுதியிருக்கார்," என்று எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு ஜெத்ரோ வீட்டுக்குப் போனாள். முக்கால் மணி நேரத்தில் திரும்பினாள்.

"ஆறாயிரம் குறைச்சுட்டார்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு?"

"ஜெத்ரோதான். ஏழாம் பக்கம் படிக்கும்போதே ஐயோ போதும்னுட்டார். வீடு இப்ப முப்பத்துநாலாயிரம். இவ்வளவு குறையையும் எங்கேருந்துதான் கண்டுபிடிச்சாரோ அந்த யெலண்ட்!"

மறுநாளே குறுக்கு வழியை விட்டுவிட்டு ஜெத்ரோவின் மாட்டுக் கொட்டகைக்கு நேராகப் போனேன். வாங்குகிறவளைத் தடுக்க முடியாது. விற்கிறவரின் ஆசையைக் கிளப்பலாமே.

"ஜெத்ரோ, உங்க நல்லதுக்குச் சொல்றேன். எங்களுக்குக் குடுத்து ஏமாந்துடாதீங்க. லண்டன்காரங்க இப்ப கிராமத்து வீடுன்னா பறக்கறாங்க. டபுள் விலை தருவாங்க."

ஜெத்ரோவின் கையிலிருந்த வாளி அப்படியே நின்றது. முகம் வெளுத்தது.

"லண்டன்காரங்களா? இங்கேயா?"

"கூட்டம் கூட்டமா."

"அடக் கடவுளே! பக்கத்து ஊர்ல ஒருத்தன் வந்தான். வந்த மூணாம் வாரம் சேவல் கூவுதுன்னு கோர்ட்டுக்குப் போனான். அப்புறம் சாணி நாத்தம்னு ஒரு கேஸ். சர்ச் மணிக்கு ஒரு கேஸ்!" என்னுடைய மனக்குறைகளை எவனோ ஒருவன் சட்டப்படி பதிவு செய்திருக்கிறான். பொறாமையாக இருந்தது. "அப்ப மேவிஸம்மா சொன்னது நிஜம்தான். விலை கட்டுப்படியாகலைன்னா கோவென்ட்ரிக்கே திரும்பிடுவோம்னாங்க. வேணாம் நார்மன், போயிடாதீங்க! இன்னும் மூவாயிரம் குறைச்சுக்கறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுடுவோம்."

"ஜெத்ரோ, நான் சொல்ல வந்தது என்னன்னா..."

"ஒண்ணும் சொல்லாதீங்க! உங்களை மாதிரி வாய் திறந்து ஒரு குறை சொல்லாத மனுஷன் எனக்கு எங்கே கிடைப்பான்?"

சாணிக் கையோடு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முப்பத்தோராயிரம். வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. மேவிஸுக்கு விஷயம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. தபால் ஆபீஸ் வழியாக.

"நார்மன்! நீயா போய்ப் பேசினே? என் ராஜா!" என்று முத்தம் கொடுத்தாள். கடைசியாக முத்தம் கொடுத்தது இரண்டாவது நாய்க்கு நான் சம்மதித்த அன்று.

வெள்ளிக்கிழமை டவுனில் வக்கீல் பெட்டிகிரூவின் அறை. மேஜை மேல் பத்திரம். ஜெத்ரோ பூட்ஸைத் துடைத்துவிட்டு வந்திருந்தார். மேவிஸ் நீல நிற கோட்டில், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்க வந்த பெண் மாதிரி உட்கார்ந்திருந்தாள். வக்கீல் பேனாவைத் திறந்தார்.

இதோடு போச்சு என்று எனக்குத் தெரிந்தது. இனி சாகும்வரை அந்த மாட்டு முகம்தான். காதெல்லாம் சூடாகியது. தொட்டித் தண்ணீரே இல்லாமல், எல்லார் முன்னாலும், வாழ்க்கையில் முதல் தடவையாக எழுந்து நின்றேன்.

"நான் கையெழுத்துப் போடமாட்டேன்! எனக்கு இந்த ஊர் பிடிக்கலை! நான் கோவென்ட்ரிக்குப் போறேன்! என்ன ஆனாலும் சரி, போடமாட்டேன்!"

ஜெத்ரோ வாயைப் பிளந்தார். வக்கீல் பத்திரத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கண்ணாடியை மூக்கில் இறக்கி என்னைப் பார்த்தார்.

"மிஸ்டர் ப்ளாக்சம், உங்க கையெழுத்தை யாரும் கேக்கலையே?"

"என்னது?"

"வாங்கறது உங்க மனைவி மட்டும்தான். அவங்க அத்தை விட்டுட்டுப் போன பணம் முப்பத்தோராயிரம் அவங்க பேர்ல இருக்கு. கடன் வாங்கறதா இருந்தா உங்க கையெழுத்தும் வேணும்னு பேங்க்ல சொன்னாங்க. விலைதான் இவ்வளவு இறங்கிடுச்சே. இப்ப கடனே தேவையில்லை."

நான் மேவிஸைப் பார்த்தேன். தலைக்குள் எட்டு மணியும் சேர்ந்து அடித்தது.

"உனக்கு... எல்லாம் தெரியுமா?"

"யெலண்ட் அன்னிக்கே போன் பண்ணிட்டாரே. உங்க வீட்டுக்காரர் உடம்புக்கு ஒண்ணுமில்லையேன்னு விசாரிச்சார்."

"அப்ப ஏன் என்னைத் தடுக்கலை?"

"எதுக்குத் தடுக்கணும்? நல்லாத்தானே போயிட்டிருந்தது." பேனாவை வாங்கி, அவசரமே இல்லாமல் தன் பெயரை எழுதினாள். எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "உன் வேலைக்காக இருபத்தெட்டு வருஷம் கோவென்ட்ரியில இருந்தேன், நார்மன். அப்ப என்கிட்டயும் யாரும் கையெழுத்துக் கேக்கலை."

நான் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தேன்.

"நின்னது நின்னுட்டே," என்றாள் மேவிஸ். "அப்படியே அந்த ஜன்னலைச் சாத்து. என் பத்திரம் பறக்குது."