டப்பாவின் அடித்தட்டு

சனிக்கிழமை துறைமுகத் தெருவில் கடைகளைப் பார்த்துவிட்டு அங்கேயே சாப்பிடலாம் என்று மனைவி சொன்னதும் அவசர அவசரமாகத் தடுத்தேன்.

"அங்க என்ன இருக்கு? ஒரே கூட்டம், ஒரே மீன் வாடை."

"தினமும் போறீங்களே, உங்களுக்கு மட்டும் மணக்குதா?"

நான் போவது வேலைக்கு. கப்பலில் வரும் சரக்குக்குக் காகிதம் சரிபார்க்கும் குமாஸ்தா. ஆனால் என் பயம் வேறு.

டாக்டர் என் தொந்தியைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய நாளிலிருந்து, உப்பும் எண்ணெயும் இல்லாத சாப்பாடுதான் கட்டிக் கொடுக்கிறாள். அந்த டப்பாவை ஆறு மாதமாக நான் திறந்ததே இல்லை. துறைமுகத் தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் மீசைக்காரரிடம் அப்படியே கொடுத்துவிடுவேன். அவர் எந்த நாட்டுக்காரர் என்று எனக்குத் தெரியாது. என் மொழி அவருக்குத் தெரியாது. நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று வெறுத்துப்போன மனிதர், பத்தியச் சாப்பாட்டை விருந்துபோலச் சாப்பிடுவார். பதிலுக்கு எனக்கு அவர் கடை மீன். முதல் வாரம் மொறுமொறுவென்று பொரித்த மீன். அப்புறம் வேகவைத்த மீன். அவர்கள் நாட்டுப் பெரிய மனிதர்கள் இப்படித்தான் சாப்பிடுவார்களாக்கும் என்று நானும் மெச்சிக்கொண்டே விழுங்கினேன். ஆபீசில் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

விஷயம் தெரிந்தால் அவள் திட்டமாட்டாள். பேசாமல் இருந்துவிடுவாள். அதுதான் எனக்கு நடுக்கம். போன தடவை பதினோரு நாள். அடுக்களையில் பாத்திரம் வைக்கிற சத்தத்தைக் கேட்டுத்தான் கோபத்தின் அளவைக் கணக்குப் போட்டேன்.

திட்டம் தயாரித்தேன். கடை கடையாக இழுத்தடித்து, அவளுக்குக் கால் வலி வந்ததும், பசி வருவதற்குள் பஸ் ஏற்றிவிடுவது.

தெரு முழுக்க ஏழெட்டு மொழிகளில் பலகைகள். அவள் எல்லாக் கடையிலும் தமிழிலேயே பேரம் பேசினாள். துணிக்கடைப் பெண்மணி தன் மொழியில் சலித்துக்கொண்டே விலையைக் குறைத்தாள். விளக்குக்கடைக்காரர் ஐந்து விரலைக் காட்டினார். இவள் எழுந்துபோய் அதில் இரண்டை மடக்கிவிட்டு வந்தாள். மூன்று மணி நேரம். வலித்தது என் கால்தான்.

"ஏங்க, பசிக்குது. இந்தக் கடைக்குப் போலாமா?"

மீசைக்காரர் கடை!

"ஐயோ, இங்க நல்லாவே இருக்காது."

"சாப்பிட்டிருக்கீங்களா?"

"சேச்சே! வாசல்ல பார்த்தாலே தெரியுதே."

அவள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். நான் மீசைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தேன். தலையை ஆட்டினேன். வாயில் விரலை வைத்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அவள் முன் தலைகுனிந்து வணங்கினார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து வைத்தார். எல்லாம் படங்கள்.

"என்ன இது?"

"கடுதாசி. எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. படம் வரைஞ்சு டப்பா அடித்தட்டுல வச்சு அனுப்புவேன். அவரும் பதில் வரைஞ்சு வைப்பார். ஆறு மாசமா நீங்கதானே கொண்டு போய்க் கொண்டு வந்து கொடுக்கறீங்க."

"உனக்கு... உனக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணமாகி இருபது வருஷத்துல உங்க டப்பா கழுவி வந்ததுண்டா? திடீர்னு பளபளன்னு வந்துச்சு. நீங்க கழுவியிருக்க மாட்டீங்க. யாரு அந்தப் புண்ணியவான்னு பார்க்கத்தான் முதல் படம் வரைஞ்சேன்."

"கோபமா?"

"எதுக்குக் கோபம்? ஒரு மனுஷன் என் சமையலை மிச்சம் வைக்காம சாப்பிடுறாரு."

கட்டைப் புரட்டினேன். முதல் தாளில் தொந்தியும் வழுக்கையுமாக ஒரு ஆள். சந்தேகமே இல்லை, நான்தான். இரண்டாவது தாளில் எண்ணெய்ப் புட்டி, உப்பு ஜாடி, பொரிக்கிற சட்டி. மூன்றின் மேலும் பெரிய பெருக்கல் குறி.

"இதை எப்போ அனுப்பின?"

"ரெண்டாவது வாரம்."

மீசைக்காரர் இரண்டு தட்டுகளோடு வந்தார். பொன்னிறமாகப் பொரித்த மீனை அவள் முன்னால் வைத்தார். வேகவைத்ததை என் முன்னால் வைத்தார்.

பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஆறு மாதமாக நான் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டதெல்லாம் பெண்டாட்டி சொல்லிச் சமைத்த பத்தியம்.