'அட்டென்ஷன்': பொருளும் பிரயோகமும்

இன்று உலகத்தை ஆள்வது சர்க்கார் அல்ல, அணுகுண்டும் அல்ல. 'அட்டென்ஷன்' என்கிற ஆங்கிலப் பெயர்ச்சொல்தான். பதினோரு வருஷ ஆராய்ச்சிக்குப் பிறகு சொல்கிறேன். ஆராய்ச்சி நடந்த இடம் பம்பாயில் ஒரு ஆபீஸ். தெருக் குழாய்களில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது அதன் வேலை. பெயரைக் கேட்காதீர்கள், எனக்கு உத்தியோகம் வேண்டும்.

மாதுங்காவாசியான பி. சந்திரமௌலி ஆகிய நான் அங்கே டைப்பிஸ்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் 'தேச சேவை'. அதாவது, தாராவிக்கு நடந்து போய்த் தோல் பட்டறைத் தொழிலாளிகளுக்கு இலவசமாக இங்கிலீஷ் போதிப்பேன். அங்கே அவர்கள் கையால் டீயும் குடிப்பேன். இந்தப் புரட்சியை மாதுங்காவில் யாரிடமும் சொன்னதில்லை.

நாற்பத்தாறாம் வருஷக் கோடையில் ஒரு நாள், வகுப்புக்கு நடுவே கோமதியம்மாள் வெறுங்குடத்தோடு வந்து நின்றாள். அந்தச் சந்தில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரி.

"சார், குழாய் பந்த் ஆயி ஒம்பது நாளாச்சு. பொம்பளையெல்லாம் ரயில் ரோட்டத் தாண்டிப் போயித் தண்ணி எடுக்கோம். நேத்து ஒரு புள்ளத்தாச்சி ரயிலுக்குத் தப்பிச்சது பெரும்பாடு. நீங்க படிச்சவிய, ஒரு வழி சொல்லுங்க."

"இங்கிலீஷ் இருக்கப் பயமேன்!" என்றேன்.

மூன்று ஞாயிறு பாடுபட்டு, வகுப்பே சேர்ந்து எங்கள் ஆபீஸுக்கு ஒரு மனு தயாரித்தோம்; அங்கேதான் எனக்கு உத்தியோகம் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. 'தங்கள் மேலான அட்டென்ஷனுக்கு' என்ற இடத்தில் எனக்கே மெய்சிலிர்த்தது. இருபத்திரண்டு பேர் கையெழுத்தும் கைநாட்டும் போட்டார்கள்.

வியாழக்கிழமை அந்த மனு என் மேஜைக்கே வந்து சேர்ந்தது. என்ன நடை! என்ன பணிவு! கண்ணில் ஜலம் வந்துவிட்டது. எங்கள் ஆபீஸில் எந்த மனுவுக்கும் ஒரே பதில்தான்: 'தங்கள் கடிதம் அட்டென்ஷன் பெற்று வருகிறது.' அதை அடித்துத் தபாலில் சேர்த்துவிட்டு, மனுவைக் கட்டாகக் கட்டிப் பரணில் ஏற்றிவிட வேண்டும். எஞ்ஜினியரிடம் கொண்டுபோனால், "உன்னை யார் கேட்டது?" என்பார். பதினோரு வருஷமாக யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் கொண்டுபோகவில்லை. இருந்தாலும் சொந்த மாணவர்கள் அல்லவா? அவர்களுக்காக 'மிகுந்த அட்டென்ஷன்' என்று அடித்தேன்.

ஞாயிறன்று போனால், பதிலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து எனக்காகக் காத்திருந்தார்கள். படித்துக் காட்டினேன்.

"அட்டென்ஷன்னா என்ன சார்?" என்றாள் கோமதியம்மாள்.

"கவனம். நம்ம குழாயைக் கவனிச்சிண்டிருக்கா."

"இங்கன ஒருத்தரும் வரலையே?"

"அங்கேர்ந்தபடியே கவனிப்பா. அதான் இந்த வார்த்தையோட மகிமை."

"தண்ணி எப்ப வரும்?"

"முதல்லே கவனம் வரும். அப்புறம்..."

"கவனத்த ஊத்தி உலை வைக்க முடியுமா சார்?"

இது பாடத்தில் இல்லாத கேள்வி. ஆகையால் டீயை ஒரு வாய் குடித்தேன்.

அதற்குள் வானமாமலை கடிதத்தை வாங்கிக்கொண்டார். நாற்பது வயது, வகுப்பிலேயே கெட்டிக்காரர். கண்ணில் பட்ட எழுத்தை விடக்கூடாது என்று அவரைப் பழக்கியது நான்தான். தேதியைப் படித்தார், நம்பரைப் படித்தார், மெதுவாகக் கடிதத்தின் கீழ் ஓரத்துக்கு வந்துவிட்டார். டைப் அடித்தவன் தன் பெயரெழுத்துகளை அங்கே போட வேண்டும் என்பது ஆபீஸ் விதி.

"'பி, ஸி'ன்னு போட்டிருக்கே, யாரு சார் இது?"

"அது... டைப் அடிச்சவன்."

"போர்டுல உங்க பேரையும் அப்படித்தான எழுதுவிய?"

கோமதியம்மாள் என் கையிலிருந்த டீ கிளாஸைப் பார்த்தாள்.

"ரயிலுக்குத் தப்பிக் கொண்டாந்த தண்ணியிலதான் வாராவாரம் உமக்கு டீ போட்டேன். எப்படிவே அது தொண்டையில எறங்குச்சு?"

வெட்கமாக இருந்தது. சும்மா சொல்லவில்லை, மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. என் தேச சேவை அன்றோடு முற்றுப்பெற்றது.

பத்து நாள் கழித்து ஆபீஸுக்கு ஒரு தபால் வந்தது. என் மாணவர்கள் யார் உதவியும் இல்லாமல் எழுதிய முதல் இங்கிலீஷ் கடிதம். 'மேலான' இல்லை, 'தாழ்மையுடன்' இல்லை. 'இன்னும் தண்ணீர் இல்லை. நேற்று கோமதியம்மாள் குடத்தோடு தண்டவாளத்தில் விழுந்து கால் முறிந்தது. உங்கள் பி.ஸி.க்கு எல்லாம் தெரியும்.'

ஒரு பிழை கிடையாது! குரு என்கிற முறையில் நெஞ்சு விம்மியது. கடிதத்தை எடுத்துக்கொண்டு எஞ்ஜினியர் அறை வாசல்வரை போனேன். உள்ளே அவர் வேறு யாரையோ, "உன்னை யார் கேட்டது?" என்று கத்திக்கொண்டிருந்தார். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

மிஷினில் காகிதத்தைச் செருகி, 'தங்கள் கடிதம் மிக மிகுந்த அட்டென்ஷன் பெற்று வருகிறது' என்று அடித்தேன். ஆனால் நானும் மனுஷன்தானே? பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஆபீஸ் விதி ஒன்றைத் துணிந்து மீறினேன். கீழ் ஓரத்தில் என் பெயரெழுத்துகளைப் போடவில்லை.