குடிகளின் வெப்பம் குடிகளுக்கே

கடலுக்கும் மலைக்கும் நடுவே உச்சிநாடு என்றொரு நாடு இருந்தது. அரண்மனை மலைமேல், மக்கள் கீழே. கோடையில் தரை கொதிக்கும், சூடேறிய காற்று மேலே போகும், அந்த இடத்துக்குக் கடற்காற்று ஓடிவரும். இதற்கு அரசனின் அனுமதியை யாரும் கேட்டதில்லை. வந்த வினைக்கெல்லாம் அதுதான் காரணம்.

செம்பாயி அங்கே காற்று அறிவிப்பவள். உச்சிவேளையில் சதுக்கத்தில் இலவம்பஞ்சைப் பறக்கவிடுவாள். அது மேலே எழும்பினால், "காத்து வருதுடோய்!" என்று கூவுவாள். அந்தக் குரலை நம்பித்தான் உப்பளத்துக்காரர்கள் வெயிலில் இறங்குவார்கள். அவள் புருஷன் வேம்பனும் அவர்களில் ஒருவன்.

ஒரு கோடையில் அரசியின் கூந்தல் பூ சீக்கிரமே வாடிவிட்டது. கீழிருந்து ஏறிவரும் சூடே காரணம் என்று மந்திரிசபை மூன்று நாள் கூடிக் கண்டுபிடித்தது. 'குடிகளின் வெப்பம் குடிகளுக்கே' என்று சட்டம் பிறந்தது. தார் பூசிய துணியால் ஊருக்கே கூரை போட்டார்கள். உப்பளம் மட்டும் வெளியே வெயிலில் கிடந்தது. நிழல் தந்த வள்ளல் என்று அரசனுக்கு விழாவும் எடுத்தார்கள்.

மறுநாள் பஞ்சு செம்பாயியின் காலடியிலேயே விழுந்தது. அதற்கு மறுநாளும் அப்படித்தான். அவள் கூவவில்லை, யாரும் வேலைக்கு இறங்கவில்லை. வான்காப்பு அமைச்சர் வியர்வை சொட்டச் சொட்ட வந்தார்.

"பஞ்சு ஏன் எழும்பவில்லை?"

"சூடு மேல போக வழியில்லீங்க ஐயா. அது போனாத்தானே கடக்காத்து உள்ள வரும்?"

"பஞ்சுக்கு நாட்டுப்பற்று போதவில்லை. நாளை நீ கூவுகிறாய். இல்லையேல் உப்பளத்தை மூடிவிடுவோம். ஊரே பட்டினி கிடக்கட்டும்."

மூன்றாம் நாள் அவள் கூவினாள். இரு பக்கமும் காவலர்கள் நின்றதால் வேம்பனிடம் கண்ணைக்கூடக் காட்ட முடியவில்லை. அவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். பாவி மனுஷன், சந்தேகமே படவில்லை.

பொழுது சாயும்முன் வேம்பனைத் தூக்கிவந்து அவள் மடியில் கிடத்தினார்கள். உடம்பு அடுப்பாய்க் கொதித்தது.

"புள்ள... காத்து வருதா?"

அவள் முந்தானையால் விசிறினாள். "வருது மாமா. நல்லா வருது. கண்ண மூடிக்க."

மூடிக்கொண்டான். அவள் போட்ட ஓலம் கூரையைத் தாண்டவில்லை.

பக்கத்தில் நின்ற அரண்மனை எழுத்தர் அவள் சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டார். மறுநாள் காலையில் முரசு அறைந்தார்கள்: "காற்று நன்றாக வருகிறது என்று இறந்தவனின் மனைவியே சாட்சி சொல்லியிருக்கிறாள். ஆகவே கூரை நீடிக்கும்."

"அவளே சொல்லிட்டாளாமே," என்றார்கள் ஊரார், முகத்தைத் துடைத்துக்கொண்டே.