இன்னும் பசை காயவில்லை

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் உண்டு, செய்யாதவர்கள் உண்டு. இந்த இரண்டு வகையிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. வேலை செய்வதற்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்துகொண்டே இருக்கிற இனம். அதற்கு நான் மேசை அமைப்பாளர் என்று பெயர் வைத்திருக்கிறேன். வீட்டில் நல்லதாக ஓர் அறையைப் பிடித்து, அதில் ஒரு மேசையைப் போட்டு, மேசையின் மேல் கணினியை வைத்து, வைத்ததை எடுத்து, எடுத்ததைத் திருப்பி வைத்து, ஒரு விரல்கடை தள்ளி வைத்து, நாலடி பின்னால் போய் ஒற்றைக் கண்ணால் பார்த்து, மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்துகிறவர் அவர். உங்களுக்குத் தெரிந்தவர்தான். அவசரப்பட்டுப் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.

எனக்கு வாய்த்த அமைப்பாளர் எதிர் வீட்டுக்காரர். தொழில், மொழிபெயர்ப்பு. துணி துவைக்கும் இயந்திரம், தண்ணீர் மோட்டார் போன்றவற்றோடு பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் வருமே, யாரும் பிரித்துக்கூடப் பார்க்காத புத்தகம், அதைத் தமிழில் எழுதித் தருகிறவர். இதற்கு என்ன வேண்டும்? ஒரு கணினி, ஒரு நாற்காலி, அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காத ஒரு மனிதர். முதல் இரண்டும் அவரிடம் தாராளமாக இருக்கின்றன.

தாராளம் என்று சும்மா சொல்லவில்லை. நாற்காலியில் கழுத்துக்கு ஒரு கைப்பிடி, இடுப்புக்கு ஒன்று, முழங்கைகளுக்கு இரண்டு. எதை இழுத்தால் எது சாயும் என்பது சாய்ந்த பிறகுதான் தெரியும். மேசை, பொத்தானை அழுத்தினால் ஏறும், இறங்கும். காலையில் நின்றுகொண்டு வேலை செய்யலாம், மாலையில் உட்கார்ந்துகொண்டு செய்யலாம் என்று வாங்கினார். இப்போது நின்றும் செய்வதில்லை, உட்கார்ந்தும் செய்வதில்லை. திரைகள் மூன்று. ஒன்று படுத்திருக்கும், ஒன்று நிமிர்ந்து நிற்கும், மூன்றாவதில் இன்று மழையா வெயிலா என்று தெரியும். அதைப் பார்க்கத்தான் அந்த அறையில் முன்பு ஒரு ஜன்னல் இருந்தது. அந்த ஜன்னலை மறைத்துத்தான் மூன்றாவது திரையை மாட்டியிருக்கிறார். வானொலி நிலையத்தில் இருக்கிற மாதிரி ஒலிவாங்கி வேறு. அலுவலகக் கூட்டங்களில் அதன் முன்னால் அவர் பேசுகிற வாசகம் ஒன்றே ஒன்றுதான்: "எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லைங்க." சும்மா சொல்லக் கூடாது, கணீரென்று கேட்கும்.

"வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். "லைட் ஒண்ணு வரணும் சார். அது மட்டும் வந்துடட்டும், அப்புறம் பாருங்க!" என்பார். லைட் வரும். லைட் வந்த பிறகு அந்த வெளிச்சத்தில் சுவரின் நிறம் சரியில்லை என்று தெரியும். சுவருக்கு வண்ணம் அடித்த பிறகு மேசை பொருந்தாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம்மவர் ஒரு படி மேலே போய், ஆள் பிடித்து வந்து கூடத்தை நிமிர்த்திவிட்டு, ஐயோ, தரை வழுக்குகிறதே என்பார். போன வாரம் முழுக்க உழைத்து அவர் முடித்தது ஒரு வரி: 'பயன்படுத்தும் முன் கவனமாகப் படிக்கவும்.'

அந்த வீட்டில் வேலை செய்கிறவரும் ஒருவர் உண்டு. அவருடைய மனைவி. ஒரு மருத்துவமனையின் தொலைபேசிப் பிரிவு அவருக்கு. எந்த டாக்டர், எப்போது வருவார், பிள்ளைக்கு ராத்திரியிலிருந்து காய்ச்சல், என்ன செய்யட்டும் என்று கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். அவருடைய அலுவலகம் சாப்பாட்டு மேசையின் ஓரம். கணவர் வேண்டாமென்று கழித்துக் கட்டிய பழைய மடிக்கணினி, எழுத்துகள் இரண்டு கழன்று போனது, குக்கர் வந்த அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அலுவலகம் இஸ்திரி மேசைக்கு மாறும். இப்படியே அவர் வேலை பார்த்து, அந்தப் பிரிவுக்கே தலைவியாகிற வாய்ப்பு ஒன்று அவரைத் தேடி வந்தது. வீடியோவில் நேர்முகத் தேர்வு. எத்தனை வருஷமாகக் காத்திருந்தார் என்பது எங்கள் தளத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அதே வாரத்தில் அமைப்பாளருக்கும் ஒரு சோதனை. இந்த இனத்தார் தங்கள் மேசையைப் படம் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிற வாட்ஸாப் குழு ஒன்று இருக்கிறது. நம்மவரும் அனுப்பினார். எல்லோரும் ஆகா என்றார்கள். ஒரே ஒரு பாவி மட்டும், "எல்லாம் சரி, இடது ஓரத்துல ஒரு ஒயர் தொங்குதே" என்று எழுதிவிட்டான். அன்று மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் முதல் ஒயர் வேட்டை. திரை ஒயர், விளக்கு ஒயர், கண்ணில் பட்ட ஒயர் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி, பட்டை போட்டு, மேசைக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் திணித்து, பெட்டியைப் பசை போட்டு ஒட்டினார். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காலால் அழுத்த ஒரே சுவிட்ச். அறை வாசலில் தொங்கிய வைஃபை பெட்டியின் ஒயரும் அசிங்கமாகத்தானே தெரிகிறது? அதுவும் உள்ளே போயிற்று.

தேர்வு நாள் காலையில் மனைவி கேட்டார். "ஏங்க, ஒரு மணி நேரம் அந்த ரூமைக் குடுங்களேன். கதவு இருக்கு, சத்தம் வராது."

"இன்னைக்கா?" என்று பதறினார் அமைப்பாளர். "இன்னும் பசை காயலையே! நீ கால் கீல் பட்டுத் தட்டிட்டேன்னா?"

எனக்கு இதை எழுதும்போதே கோபம் வருகிறது. கதவோடு இருக்கிற ஒரே அறை; அதில் வேலை நடந்து பல மாதம்; அதைக் கேட்டது கட்டிய மனைவி. ஆனால் பசை காயவில்லை! மனைவி குக்கர் பெட்டியைத் துடைத்து வைத்துக்கொண்டார்.

தேர்வு தொடங்கியதும், அக்காவுக்கு வாழ்த்துச் சொல்ல வந்திருந்த மைத்துனரை, சத்தம் போடக் கூடாது என்று அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார் அமைப்பாளர். பார்வையாளர் ஒருவர் கிடைத்துவிட்டால் இந்த இனத்தின் கை சும்மா இருக்குமா? "மாப்ளே, இங்க பாரு, ஒரு ஒயர் தெரியுதா? எல்லாத்துக்கும் ஒரே சுவிட்ச். காலால ஒரு அழுத்து, அவ்வளவுதான்."

அழுத்தினார். அறையே கச்சிதமாக அணைந்தது.

"மாமா," என்றார் மைத்துனர் மெதுவாக, "அக்காவோட நெட்டு?"

அமைப்பாளர் முகத்தில் ஈயாடவில்லை. மறுபடி அழுத்தினார். நீலம், பச்சை, ஊதா என்று விளக்குகள் ஆட்டம் போட்டுக்கொண்டு வந்தன; வைஃபை மட்டும் வரவில்லை. இழுத்துக் கட்டிய கட்டில் அதன் பிளக் கழன்றிருக்கிறது. எந்த ஒயர் எதனுடையது என்று தெரியாத அளவுக்கு எல்லாம் அழகாக இருந்தன. பெட்டியைப் பிரிக்கலாம் என்றால், காலையில் காயாத பசை அதற்குள் காய்ந்துவிட்டிருந்தது.

வெளியே, தேர்வாளர் மூவரும் வாயைத் திறந்தபடி திரையில் உறைந்து நின்றார்கள். கடைசியாக அவர்கள் கேட்ட கேள்வி: "எதிர்பாராம ஒரு சிக்கல் வந்தா எப்படிச் சமாளிப்பீங்க?"

எங்கள் கட்டடத்தில் வீட்டுக்குள் ஃபோனில் டவர் எடுக்காது. படிக்கட்டுத் திருப்பத்தில் மட்டும் எடுக்கும். பையும் கையுமாக நான் மேலே ஏறி வந்தபோது, அந்த அம்மா அங்கே படியில் உட்கார்ந்து, ஃபோனைக் கைப்பிடிக் கம்பியில் சாய்த்து வைத்து, மூச்சு வாங்க, ஆனால் குரல் நடுங்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்: "நெட் போயிடுச்சு சார். இப்ப படிக்கட்டுல இருக்கேன். நீங்க கேட்டதுக்கு இதுதான் பதில்." அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். நான் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓசைப்படாமல் அவரைத் தாண்டிப் போனேன்.

பதவி கிடைத்தது. எனக்கு என் வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்த மாதிரி சந்தோஷம்.

அமைப்பாளரும் திருந்திவிட்டார் என்றுதான் நினைத்தேன். மாலையில் என் கதவைத் தட்டி, குரலைத் தாழ்த்தி, "தப்பு என் பேர்லதான் சார்" என்றார். மனிதர் கண்ணில் ஈரம்கூட இருந்தது. "யோசிச்சுப் பாத்துட்டேன். ரெண்டு சுவிட்ச் வெச்சிருக்கணும்."

வைத்துக்கொண்டிருக்கிறார். அதற்காகப் பெட்டியை உடைத்து, மேசையைக் கவிழ்த்து, புதுப் பசை தடவி, வைஃபை ஒயரோடு சேர்த்து அறையை மூடிவிட்டார். பிரிவின் புதிய தலைவி தினமும் குக்கர் பெட்டியும் ஒரு தலையணையுமாகப் படிக்கட்டில் உட்கார்ந்து இருபது பேரை மேய்க்கிறார். நேற்று நான் இறங்கும்போது, "இந்த வாரம் வரைக்கும்தான் பாப்பேன் சார்" என்றார். "ஏறி இறங்குற மேசைதானே? திங்கக்கிழமை படிக்கட்டுல தானா இறங்கிப் போயிடும்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கத் தொடங்குமுன் நீங்கள் ஏதோ வேலையாகத்தானே உட்கார்ந்தீர்கள்? முதலில் மேசையைத் துடைத்தீர்கள். நாற்காலியைக் கொஞ்சம் ஏற்றினீர்கள். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று விளக்கைத் திருப்பினீர்கள். அது ஆனதும் களைப்பாக இருந்ததால் இதை எடுத்தீர்கள். நல்லது. படித்து முடித்தாயிற்று. வேலையைத் தொடங்குவதற்கு முன்னால், கடைசி ஏற்பாடாக, ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். வாசல் கதவைத் திறந்து, உங்கள் வீட்டுப் படிக்கட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பாருங்கள்.