நாற்பது கிலோ மிச்சம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். தங்கள் நலத்தோடு, பணி ஓய்வுக்குப் பிறகு தாங்கள் தொடங்கியிருக்கும் சமையலின் நலத்தையும் அறிய ஆவல். காரணம் கீழே வருகிறது.

என் மகள், அதாவது தங்கள் மருமகள், ஆய்வுக்கூடத்தில் செய்யும் வேலை தாங்கள் அறிந்ததே. உணவுக் கழிவைக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கி, பக்குவம் செய்தால், அதில் கண்ணுக்குத் தெரியாத கோடி ஓட்டைகள் விழுமாம். புகையோடு போகும் கரியமில வாயு அந்த ஓட்டைகளில் மாட்டிக்கொள்ளுமாம். எங்கள் தொழிற்சாலை பாய்லர் புகைபோக்கியில் அதைச் சோதித்துப் பார்க்க மேலாளர் சம்மதித்துவிட்டார். சனிக்கிழமைக்குள் நாற்பது கிலோ கழிவு வேண்டும். தவறினால் வாய்ப்பு வேறு யாருக்கோ போய்விடும். நாலு வருட உழைப்பு. பெண் முகம் வாடினால் எனக்குத் தாங்காது. "நம்ம கேன்டீன்ல அறுநூறு பேர் சாப்பிடுறாங்க, இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று போனிலேயே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அங்கேதான் வந்தது வினை. இருபத்தாறு வருடமாக அந்தக் கேன்டீனை நடத்தி, "சோற்றை வீணாக்காதே" என்று கத்திய வாய் இது. கை கழுவும் இடத்தில் காலி டிரம் வைத்து நான் பக்கத்தில் நின்றதும், ஒவ்வொருவனும் தட்டை வழித்து நக்கிவிட்டான். "அண்ணே, ஒரு பருக்கை கூட விடல, நல்லா பாத்துக்குங்க!" என்று வெல்டர் தட்டை என் மூக்குக்கு நேரே நீட்டுகிறான். சரி என்று சுவரில் இருந்த "வீணாக்காதே" எச்சரிக்கைப் பலகையைக் கழற்றினேன். "பலகையை எடுத்துட்டு ஒளிஞ்சு நின்னு பாக்கிறாரு, ஜாக்கிரதை" என்று பேச்சு பரவி, மறுநாள் மிளகாய்க் காம்பு கூட மிஞ்சவில்லை. இரட்டிப்பாகப் பரிமாறச் சொன்னேன், டப்பாவில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு குழம்பில் ரெண்டு பிடி உப்பை அள்ளிப் போட்டேன், "இன்னிக்குத்தான் வாய்க்கு ருசியா இருக்கு" என்று மறுசோறு கேட்கிறான்கள்! மூன்று நாளில் சேர்ந்தது முக்கால் கிலோ. அதிலும் பாதி எலும்பு.

நான் எடுத்த காரியத்தை விடுகிற ஆளில்லை. நேற்று சட்டென்று தங்கள் நினைவு வந்தது. சென்ற மாதம் தங்கள் கையால் பரிமாறிய விருந்தை இன்றும் மறக்க முடியவில்லை. ஒன்பது பேர் உட்கார்ந்தோம். எழுந்தபோது ஒன்பது தட்டும் நிறைந்திருந்தன. அந்தக் கைப்பக்குவம் எல்லோருக்கும் வராது. ஆகவே நாளை முதல் மூன்று நாள் எங்கள் கேன்டீனில் தாங்களே சமைக்க வேண்டும். உதவிக்கு யாரையும் வைத்துக்கொள்ள வேண்டாம், ருசி மாறிவிடும்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். தாங்கள் வரும் மூன்று நாளும் அவர்களுக்கு நல்ல ஓய்வாக இருக்கும்.

தங்கள் வருகையை நம்பியிருக்கும்,
சம்பந்தி

பின்குறிப்பு: தங்களிடம் சேர்க்கச் சொல்லி இதை மகளிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "அப்பா, சமைச்ச சாப்பாட்டுல உப்பு, எண்ணெய் எல்லாம் இருக்கும், எனக்கு ஆகாது. நான் கேட்டது காய்கறித் தோலு! போன்ல முழுசாக் கேட்டாத்தானே!" என்கிறாள். தோலுக்கும் வழியில்லை. என்னிடம் வேலை பழகிய கேன்டீன் ஆட்கள் தோலைக் காகிதம் போலச் சீவுகிறவர்கள். ஆனால் தாங்கள் சீவினால் உருளைக்கிழங்கு கோலிக்குண்டு அளவுக்கு வந்துவிடும் என்று மாப்பிள்ளை சொல்கிறார். ஆகவே கட்டாயம் வரவும். கத்தியோடு வரவும். கரண்டியைத் தொட வேண்டாம்.