சைக்கிள் பாதைக்கு வந்த நிபுணர்

"மாப்பிள்ளை, எந்த மடையன் இந்தக் கோட்டைப் போட்டான்?"

மாமனார் செய்தித்தாளை மேஜையில் விரித்து, கடைவீதி வரைபடத்தில் ஓடிய பச்சைக் கோட்டை விரலால் குத்தினார். நகரசபைப் பொறியாளரான மாப்பிள்ளைக்குக் காப்பி புரையேறியது. அந்த மடையன் அவர்தான்.

நகரத்தின் முதல் தனி சைக்கிள் பாதை அது. வெறும் பெயிண்ட் கோடு இல்லை. எந்தக் காரும் ஏற முடியாதபடி வீதி நெடுக முழங்கால் உயரத்துக்குத் தடுப்புக்கட்டை. பொறியாளரின் மகள் அந்த வழியாகத்தான் தினமும் லாரிகளை உரசிக்கொண்டு சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். ஒருநாள் அவள் கைப்பிடி நசுங்கிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தாள். மறுநாளே அவர் திட்டத்தை வரைய உட்கார்ந்துவிட்டார். நகரசபையில் ஓட்டெடுப்புக்கு இன்னும் பத்தே நாள்.

சிக்கல் ஒன்றுதான். பாதை மாமனாரின் சோபா கடை வாசலை ஒட்டிப் போகிறது. வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவரும் மாமனாரேதான்.

"எங்க ஆபீஸ்ல யாரும் போடல மாமா. வெளியேர்ந்து ஒரு நிபுணர் வந்து போட்டுக் குடுத்தாரு" என்று பொறியாளரின் வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"அப்படியா? அவரு நம்பரைக் குடுங்க."

மனைவி ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்திவிட்டுக் கணவனை ஒரு பார்வை பார்த்தாள்.

அலுவலகத்தில் வரைபடங்களை வரைந்து தரும் வரைவாளருக்குக் கனத்த குரல். பொறியாளர் அவர் காலில் விழாத குறை.

"போன் வரும். நிபுணர் மாதிரி ரெண்டு வார்த்தை பேசிட்டு வச்சிடுங்க."

ரெண்டு வார்த்தை நாற்பது நிமிஷம் நீண்டது. வரைவாளர் வியர்த்து வழிய வெளியே வந்தார்.

"சார், மனுஷன் விடவே மாட்டேங்குறாரு. கட்டை வச்சா வண்டியிலேர்ந்து சோபாவை எப்படி இறக்குறதுன்னு கேட்டாரு. உங்க கடைக்கு நேரா மட்டும் ஒரு இடைவெளி விட்டுடறேன்னு சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டு சொன்னீங்க?"

"நிபுணர் யாரைக் கேக்கணும் சார்?"

செய்தி வீதி முழுக்கப் பரவியது. மருந்துக்கடைக்காரர் ஒரு இடைவெளி கேட்டார். செருப்புக்கடைக்காரர் ஒன்று. கண்ணாடிக்கடைக்காரர் மூலைக்கடை என்பதால் இரண்டு. எல்லாவற்றையும் வரைந்து பார்த்தால், பாதி பல் விழுந்த வாய் மாதிரி இளித்தது தடுப்புக்கட்டை. அந்த ஓட்டைகளில் லாரியே தாராளமாகப் புகுந்து வரும்.

"மறுபடி பேசுங்க. இடைவெளியே கிடையாது, சாமான் இறக்க வீதி முனையில தனி இடம்னு கறாரா சொல்லிடுங்க" என்றார் பொறியாளர்.

இந்த முறை போனை ஒலிபெருக்கியில் போட்டு அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"சரி நிபுணரே, சங்கத்துல எல்லாரையும் ஒத்துக்க வைக்கிறேன்" என்றார் மாமனார். "பதிலுக்கு என் வாசல்ல என்ன தருவீங்க?"

"சைக்கிள் நிறுத்துற கம்பி தர்றோம் சார். இருபது சைக்கிளுக்கு."

"நாப்பது. மேல கூரையும் வேணும்."

பொறியாளர் 'சரி' என்று தலையை வேகமாக ஆட்டினார். வரைவாளர் சம்மதம் சொல்லிப் போனை வைத்தார்.

"சோபா கடைக்காரருக்கு எதுக்கு சார் நாப்பது?"

"எதுக்கோ! கட்டை முழுசாத் திரும்பி வந்துடுச்சில்ல!" பொறியாளர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

சந்தோஷம் சாயங்காலம் வரைதான். மாமனார் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, நிபுணர் தங்கமான மனுஷன். ஓட்டெடுப்பு அன்னைக்கு அவரைக் கூட்டிட்டு வாங்க. மேடையில உக்கார வச்சு சங்கத்து சார்புல நன்றி சொல்லணும்."

"அவருக்கு... காய்ச்சல் மாமா."

"அடடா, எந்த ஆஸ்பத்திரி? இப்பவே போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"சரியாயிடுச்சு மாமா!"

"அப்போ கட்டாயம் வருவாரு."

பத்து வருஷமாக நகரசபையின் ஒவ்வொரு கூட்டத்திலும் வரைபடம் மாட்டுபவரே வரைவாளர்தான். அங்கே அவரைத் தெரியாத ஆளே இல்லை.

"ஒட்டு மீசை வச்சுக்கட்டுமா சார்?"

"நீங்க வீட்டுக்குப் போங்க."

கூட்டத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் மகள், மடியில் பள்ளிக்கூடப் பையோடு. "நிபுணர் வரலாம்" என்றார் சபைத் தலைவர்.

பொறியாளர் எழுந்தார்.

"நிபுணர்னு யாருமே இல்லீங்க. மாமா, அந்தக் கோட்டைப் போட்ட மடையன் நான்தான். போன்ல பேசினதும் எங்க ஆபீஸ் ஆளுதான். பொய் சொன்னது தப்பு. ஆனா கோடு தப்பில்ல. என் பொண்ணு அந்த வழியாத்தான் போறா. உங்க பிள்ளைங்களும்தான் போறாங்க. லாரிக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒரு கட்டை வேணும். அவ்வளவுதான்."

எல்லாத் தலைகளும் மாமனார் பக்கம் திரும்பின. அவர் மெதுவாக எழுந்தார்.

"அந்தப் பாதை என் வாசல்லதான் போகுது. முதல் அடி எனக்குத்தான்." முதல் வரிசையில் இருந்த பேத்தியைக் கையால் காட்டினார். "அதுக்காக, என் பேத்தியைவிட சோபா பெருசாயிடுமா? சங்கம் இந்தப் பாதையை முழுசா ஆதரிக்குது!"

மண்டபம் அதிர்ந்தது. உறுப்பினர்களின் கைகள் ஒன்றுவிடாமல் உயர்ந்தன. மகள் பெஞ்சு மேல் ஏறிக் குதித்தாள். பொறியாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, மாமனாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு மாமா! நான்தான் உங்களைப் புரிஞ்சுக்காமப் போயிட்டேன்."

"குடும்பத்துக்காக இதுகூடச் செய்யலன்னா எப்படி மாப்பிள்ளை?" மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே மாப்பிள்ளையோடு மண்டப வாசல் படி இறங்கினார்.

எதிரே, தோளில் ஏணியும் சட்டையெல்லாம் பெயிண்டுமாக, போர்டு எழுதுபவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"பாதை பாஸாயிடுச்சாமே ஐயா! மாப்பிள்ளை பாதை போடுறாருன்னு மூணு மாசம் முன்னாடியே அவசர அவசரமா எழுத வச்சீங்களே, உங்க புதுச் சைக்கிள் கடை போர்டு, அதை இப்பவாவது மாட்டிடலாமா?"