வேலியோரத்து ஜெபம்

"சகலத்தையும் பார்க்கிற ஆண்டவரே, அந்த ஆட்டையும் நீர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்!"

அன்னம்மாள் இப்படி ஆரம்பித்ததும், பக்கத்தில் முழங்காலில் நின்ற அவள் புருஷன் ஆனந்தன் ஒரு கண்ணைத் திறந்தான். குடும்ப ஜெபம் என்றால் விளக்கைப் பார்த்து முழங்கால் போடுவதுதான் அந்த வீட்டு வழக்கம். இன்றைக்கு அன்னம்மாள் ஜன்னலைப் பார்த்து முழங்கால் போட்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் வடிவின் வீடு.

"எங்க கீரைப் பாத்திய அது மறுபடியும் மேஞ்சிட்டுப் போச்சு. வேலியில கீற ஓட்டை வழியா வருது. கொழுத்த ஆடு, ஆண்டவரே! ஊரான் ஊட்டுக் கீரைய தின்னா கொழுக்காம இன்னா பண்ணும்? ஆடு வளக்கத் தெரிஞ்சவங்களுக்கு ரெண்டு முள்ளு வெட்டி வேலிய அடைக்கத் தெரியலியே! அவங்களுக்கு நல்ல புத்தியக் குடும். புத்தி இல்லாங்காட்டி முள்ளையாவது குடும்!"

"ஆமென்," என்றான் ஆனந்தன் அவசரமாக.

"நான் இன்னும் முடிக்கலய்யா."

"முழங்கால் முடிஞ்சிபோச்சி, அன்னம்மா. பகல் பூரா ரயில் கேட்டைச் சாத்தித் தொறந்துட்டு வந்துகீறேன்."

மகள் வசந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையை இன்னும் கீழே தாழ்த்தினாள்.

ஜெபம் முடிந்து எழுந்ததும் ஆனந்தன் கேட்டான். "ஏம்மே, சண்டை போடக் கூடாதுன்னு கோவில் ஐயா சொல்லிக்கீறாரு இல்ல?"

"சண்டை போடாதன்னாரு. ஜெபம் பண்ணாதன்னாரா?"

ஆனந்தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டான்.

சங்கதி இதுதான். அம்பத்தூர் ரயில் கேட்டுக்கு அந்தண்டை இருந்த கிறிஸ்தவத் தெருவில், போன மாதம் கிணற்றடியில் அன்னம்மாளும் வடிவும் போட்ட சண்டையில் கோவில் மணிச் சத்தமே கேட்காமல் போயிற்று. ஆராதனை தொடங்கியது யாருக்கும் தெரியவில்லை. குருவானவர் அங்கியோடு கிணற்றடிக்கே வந்துவிட்டார். "இன்னொரு தரம் உங்கள் ரெண்டு பேர் வாயும் ஒன்றோடொன்று மோதினால், அத்தியட்சர் வருகிற ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேருக்கும் திருவிருந்து கிடையாது!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பட்டணத்திலிருந்து வெள்ளைக்கார அத்தியட்சர், அதாவது பிஷப், வருகிற அந்த ஞாயிறுதான் வசந்தாவுக்குத் திடப்படுத்தல். முதன்முதலாகத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்கப் போகிறாள். மகளுக்குப் பக்கத்தில் முழங்கால் போடவேண்டும் என்று அன்னம்மாள் அவள் பிறந்த நாளிலிருந்து காத்திருக்கிறாள். அந்த இடத்தை ஒரு ஆட்டுக்காக விட்டுக்கொடுப்பாளா? அதற்காகக் கீரையையும் விட்டுக்கொடுப்பாளா? அதனால்தான் ஜன்னல்.

மறுநாள் காலையில் அன்னம்மாள் கொல்லைக்குப் போனவள், அப்படியே நின்றுவிட்டாள்.

வேலி ஓட்டை அடைபட்டிருந்தது. புதிதாக வெட்டிய முள், நெருக்க நெருக்கமாக, ஒரு எலிகூட நுழைய முடியாதபடி வைத்துக் கட்டியிருந்தது.

"பரவால்லியே! வடிவு செஞ்சிட்டா பாரு," என்றான் ஆனந்தன்.

"இன்னாத்த செஞ்சிட்டா? முள்ளு மொனை எந்தப் பக்கம் பாத்துகினு கீது, பாருயா! நம்ம பக்கம்! என் மூஞ்சிக்கு நேரா! செய்யறவ பகல்ல வந்து, 'அக்கா, வேலிய அடச்சிட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா? நான் ஆண்டவர்கிட்ட கேட்டேன். இவ யாரு நடுவுல வந்து எனக்குப் பிச்சை போட?"

"ஓட்டை இருந்தாலும் திட்டற, அடச்சாலும் திட்டற."

"நீ கேட்டுக்கே போய்யா."

அன்று சாயங்காலம் விளக்கேற்றியதும், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் எழும்பியது. வடிவின் புருஷன் பட்டணத்தில் வேலை பார்த்தான், மாதத்துக்கு ஒரு தரம்தான் வருவான். ஆகையால் அவள் வீட்டு ஜெபத்தில் அவளைத் தடுக்க ஆளில்லை.

"இரக்கமுள்ள ஆண்டவரே! என்னைச் சுத்தி முள்ளு வெச்சிட்டாங்க! காலையில என் புடவை மாட்டிக் கிழிஞ்சிபோச்சி. இது போதாதுன்னு, பாத்திரம் கழுவுற தண்ணிய வேலியோரமா ஊத்தி ஊத்தி, என் அடுப்பங்கரைச் செவுரு ஊறிக் கெடக்குது. செவுரு என் தலைமேல உழறதுக்குள்ள அந்தத் தண்ணிக்கு ஒரு வழி பண்ணும், ஆண்டவரே!"

அன்னம்மாள் கரண்டியோடு ஜன்னலுக்கு ஓடிவந்தாள். "கேட்டியா! முள்ளு வெச்சது அவ. நான் வெச்சேன்னு ஆண்டவர்கிட்டயே புளுகுறா! மனுஷங்ககிட்ட புளுகினாக்கூடப் போவுதுன்னு உடலாம்!"

எதிர்ச்சாரியில் குடியிருந்த உழவுக் குடும்பத்து வேம்புலியம்மாள், வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தவள், அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "நல்லா கேக்கறீங்கம்மா ரெண்டு பேரும். எங்க மாரியாத்தாகிட்ட நாங்க இவ்ளோ வெவரமா கேட்டதே இல்ல."

அன்னம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விடிந்தது. துவைகல்லுக்குப் பக்கத்திலிருந்து தெருக்கோடிப் பள்ளம் வரைக்கும் ஒரு கால்வாய் வெட்டியிருந்தது. கழுவுநீர் அதில் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. கால்வாய் போன வழி மட்டும் அன்னம்மாளின் கீரைப் பாத்தி. ஆடு விட்டுவைத்த கொஞ்சநஞ்சக் கீரையையும் யாரோ பிடுங்கி, வாழைநாரில் கட்டி, ஓரமாக வைத்திருந்தார்கள்.

"என் ஊட்டுக் கொல்லையில வந்து மம்மட்டி போட்டுக்கீறா! கட்டுக் கட்டி வேற வெச்சிட்டுப் போயிருக்கா, நான் என்னமோ சந்தையில கடை போட்டவ மாதிரி!"

ஆனந்தன் குனிந்து பார்த்தான். "வாட்டம் பாத்து வெட்டிக்கீது, அன்னம்மா. பொம்பளை வெட்டினாப்பல தெரியல."

"அவ கையப் பாத்திருக்கியா நீ? கிணத்தடியில குடத்த தூக்கும்போது பாரு!"

"நான் ஏன் பாக்கறேன்?"

"அதுவும் சரிதான். பாக்காத."

அன்று மாலை அன்னம்மாளின் ஜெபத்தைக் கேட்கத் தெருவில் நாலைந்து பேர் வேலையில்லாமல் நின்றார்கள்.

"ஆண்டவரே! பிறத்தியார் நிலத்தில் காலெடுத்து வைக்கிறவர்களை நீர் அறிவீர். அது கெடக்கட்டும். அத்தியட்சர் வர்றாருன்னு கையெல்லாம் வெந்துபோக நான் சுண்ணாம்பு அடிச்ச செவுத்துல, வரிசையா வறட்டி தட்டி வெச்சிருக்காங்களே, அது உமக்கே அடுக்குமா? அவர் வந்து பாத்தா இது வீடா, மாட்டுக் கொட்டாயான்னு கேக்க மாட்டாரா? அந்த வறட்டியெல்லாம் என் செவுத்த உட்டு ஒழியட்டும்!"

ஒழிந்தது. காலையில் பார்த்தால் சுவரில் ஒரு வறட்டி இல்லை. எல்லாம் வடிவின் வாசலில் கோபுரமாக அடுக்கியிருந்தது. காயாதவை அடியில் அகப்பட்டு நசுங்கியிருந்தன. சுவரில் வட்ட வட்டமாகக் கறை.

"என் வறட்டிய எடுத்து ஒடச்சிட்டா!" என்று வடிவு தன் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"என் செவுத்தச் சொரண்டி அசிங்கம் பண்ணிட்டா!" என்று அன்னம்மாள் தன் வாசலில் நின்று அதே வானத்தைப் பார்த்துச் சொன்னாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்த்தால் சண்டை; சண்டையென்றால் திருவிருந்து போச்சு.

அன்று மாலை வடிவின் முறை. வறட்டியில் ஆரம்பித்து அன்னம்மாளின் சேவலில் வந்து நின்றாள். சேவல் அவளுடைய மிளகாய் நாற்றைச் சீய்த்துவிட்டதாம். "அந்தச் சேவலுக்கு ஒரு கட்டுப்பாடு இல்லியா, ஆண்டவரே!"

சனிக்கிழமை விடியற்காலையில் சேவல் கூவவில்லை. அன்னம்மாள் கொல்லைக்கு ஓடினாள். சேவல் ஒரு கூடைக்கு அடியில் கிடந்தது. கூடைமேல் அம்மிக்குழவி மாதிரி ஒரு கல்.

"என் சேவலுக்கு ஜெயிலு! ஒரு வாயில்லா ஜீவனை! இனிமே நான் பொறுத்தா நான் மனுஷியே இல்ல!"

"அன்னம்மா, நாளைக்கு ஞாயித்துக்கெழமை," என்றான் ஆனந்தன்.

"தெரியும்யா! அதான் அவகிட்ட போவல. ஐயாகிட்ட போறேன்!"

சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் குருவானவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, வடிவு உடைந்த வறட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள். நாளைக்கு அத்தியட்சருக்கு என்ன சமைப்பது என்று கவலையில் இருந்த குருவானவர், சேவலைப் பார்த்து ஒரு கணம் முகம் மலர்ந்தார். விஷயம் தெரிந்ததும் அந்த முகம் வாடிவிட்டது.

"வேலியை அடைத்தது யார்?"

"அவதான்!" என்றாள் அன்னம்மாள்.

"நான் இல்ல, அவதான்!" என்றாள் வடிவு.

"கால்வாய்?"

"அவ!"

"அவ!"

"வறட்டி? சேவல்?"

அதற்கும் அதே பதில். குருவானவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியென்றால் உங்களில் ஒருத்தி பொய் சொல்கிறாள். சண்டையைக்கூட நான் மன்னித்துவிடுவேன். பொய்யோடு திருவிருந்துக்கு வரக்கூடாது. செய்தவள் ஒத்துக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் நாளைக்கு ரெண்டு பேருமே வரவேண்டாம். சாயங்காலம் உங்கள் வேலியடிக்கு வருகிறேன்."

வீட்டில் வசந்தா நாளைக்குப் போடவேண்டிய வெள்ளைத் தாவணியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அம்மா, நாந்தான் செஞ்சேன்னு சொல்லிடும்மா. எனக்காக."

"நீயுமாடி? செய்யாத பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டுட்டா, செஞ்ச பாவத்துக்கு யார் கேக்கறது? பொய் சொல்லி உன் பக்கத்துல முழங்கால் போட்டா, அந்த முழங்கால் எதுக்குடி ஆவும்?"

"அப்போ நான் தனியாத்தான் போவணுமா?"

அன்னம்மாள் தாவணியை வாங்கி மடித்து வைத்தாள். கோபம் அப்படியேதான் இருந்தது; ஆனால் அதை யார்மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலம் குருவானவர் வந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் அன்னம்மாள், ஆனந்தன், வசந்தா. அந்தப் பக்கம் வடிவு. தெருவில் பாதி ஊர்.

"யாராவது ஒத்துக்கொள்கிறீர்களா?"

"நான் செய்யல, ஐயா," என்றாள் அன்னம்மாள்.

"எனக்கும் அதே பதில்தான்," என்றாள் வடிவு. ஒரு மாதத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு இடத்தில்தான்.

"சரி. என்னால் முடியவில்லை. ஆண்டவரையே கேளுங்கள்," என்று குருவானவர் மண்ணிலேயே முழங்கால் போட்டார். எல்லாரும் போட்டார்கள்.

அன்னம்மாள் வாயைத் திறந்தாள். அவள் இவ்வளவு மெதுவாக ஜெபம் செய்து அந்தத் தெரு கேட்டதில்லை.

"ஆண்டவரே, இத்தினி நாளா நான் உம்மகிட்ட பேசல. ஜன்னல்கிட்ட பேசினேன். அது நெசம். ஆடு கொழுத்துக் கீதுன்னு சொன்னது என் வயித்தெரிச்சல்ல. அதுவும் நெசம். ஆனா முள்ளும் மம்மட்டியும் நான் எடுக்கல. எடுத்தது யாருன்னு நீரே காட்டும். அவ எடுக்கலன்னா, அவளையும் உட்டுடும். எம்பொண்ணு பக்கத்துல நான் முழங்கால் போடணும். இன்னிக்கி எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஆமென்."

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஆமென்," என்றாள் வடிவு. "எனக்கும் ஒண்ணும் வேணாம்."

தெருவில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு வேம்புலியம்மாள் வேலியடிக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணும் வேணாம்னா எப்படிம்மா? நீங்க உருகி உருகிக் கேக்கறத காதால கேட்டுட்டு எப்படிச் சும்மா கெடக்கறதுன்னு எங்க ஊட்டுக்காரரு இன்னிக்கும் மம்மட்டியும் கத்தியும் எடுத்து வெச்சிகினு குந்திகினு கீறாரு. வேல இன்னான்னு சீக்கிரம் கேட்டுட்டீங்கன்னா, விடியறதுக்கு முன்னால முடிச்சிட்டு ஏத்தம் எறைக்கப் போய்டுவாரு!"